முகத்தைப் புளி போட்டு மினுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. தேசிக்காயைப் பாதியாக வெட்டி, சீனியில் தோய்த்து, முகத்திலும் கழுத்திலும் பத்து நிமிடம் தேய்த்தால் கருமை போய் முகம் பளிச்சென்று வருமாம். இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்றும் கீழே போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெயர் இல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையிலேயே ஒரு அம்மா நான் வேலை செய்கிற பாமசிக்கு வந்துவிட்டார். மற்றக் கையில் ஒரு சின்னப் போத்தல், அவருடைய மகள் சனிக்கிழமை எங்களிடம் வாங்கியது. "பிள்ளை, இதில அசிட் எண்டு போட்டிருக்கு. முகத்துக்கு ஆரும் அசிட் பூசுறதோ? இதைத் திருப்பி எடுங்கோ, நான் பேப்பரில சொன்ன மாதிரி தேசிக்காயே போட்டு விடுறன்."

அந்தப் போத்தலில் இருந்தது ஹயலுரோனிக் அசிட். நமது தோலிலும் மூட்டிலும் கண்ணுக்குள்ளும் இயல்பாகவே இருக்கிற, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற வழுவழுப்பான ஒரு பொருள் அது. 1934ஆம் ஆண்டு மாட்டுக் கண்ணில் இருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். அது தோலை உரிக்காது, எரிக்காது, பெயரில் மட்டும்தான் அசிட். அந்த அம்மா நம்பி வீட்டுக்குக் கொண்டுபோக இருந்த தேசிக்காய்க்குள் இருப்பதுதான் உண்மையான அசிட், அதுவும் சும்மா அசிட் இல்லை. போத்தலைப் பார்த்துப் பயந்தவர் தேசிக்காயைப் பார்த்துப் பயப்படவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் படித்தது உங்கள் பத்திரிகையில். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் இல்லை. பதினான்கு வருடமாகப் பாமசியில் நிற்கிறேன், அவ்வளவுதான். முன்பு இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வந்த பிள்ளைகள் இப்போது கைத்தொலைபேசியைக் கவுண்டருக்கு மேலால் நீட்டி, "அக்கா, இது இருக்கோ?" என்று கிளைக்கோலிக், சலிசிலிக், லக்டிக், மண்டலிக், அசெலாயிக், கோஜிக் என்று பாடமாக்கிய மாதிரிக் கேட்கிறார்கள். நான் இரசாயனம் படித்த காலத்தில் இத்தனை அசிட்டின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கு அது தோலில் என்ன செய்கிறது என்று மட்டும் தெரியவில்லை. கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், "வெள்ளையாக்கும்".

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் குத்துவிளக்கு மினுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பழப்புளியைக் கரைத்துப் போட்டுத் தேய்த்தால் கறுத்துக் கிடந்த பித்தளை நிமிடத்தில் மஞ்சளாக மின்னும். பழப்புளியில் இருக்கிற தாத்தாரிக் அமிலம் பித்தளையின் மேல் படிந்த செம்பின் ஒட்சைட்டைக் கரைத்துவிடுகிறது, அடியில் உள்ள பளபளப்பு வெளியே வருகிறது. அதே மாதிரி முகத்துக்கும் புளிப்பான எதையாவது பூசினால் மேலே உள்ள கறுப்புக் கரைந்து அடியில் ஒளிந்திருக்கிற வெள்ளை வெளியே வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அடியில் வெள்ளை ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. தோலின் நிறத்தைச் செய்கிற மெலனின், மேற்றோலின் ஆக அடியில் இருக்கிற கலங்களில் உண்டாகி மேலே வருகிறது, அது பாசி பிடித்த மாதிரி வெளியில் இருந்து வந்து ஒட்டினது இல்லை.

அப்படியானால் அசிட் என்னதான் செய்கிறது? நமது தோலின் ஆக வெளிப்படை செத்த கலங்களால் ஆனது, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இடையில் கொழுப்பும் புரதமும் பசையாகப் பிடித்திருக்கும். அடியில் புதுக் கலம் பிறந்து மேலே வந்து உதிர்ந்துபோக ஏறத்தாழ நாலு கிழமை எடுக்கும், வயது போகப் போக அது இன்னும் சுணங்கும். கிளைக்கோலிக், லக்டிக் மாதிரியான அமிலங்கள் அந்தப் பசையைக் கொஞ்சம் இளக்கிவிடுகின்றன. உதிர வேண்டியது கெதியாக உதிரும், மேற்பரப்பு ஒரே சீராக வரும், சீரான பரப்பில் வெளிச்சம் பட்டால் முகம் தெளிவாகத் தெரியும். வெயிலில் கறுத்ததும் பரு வந்து போன அடையாளமும் மெல்ல மெல்ல மங்குவது இதனால்தான். மெல்ல மெல்ல என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை, நல்லூர்த் தேருக்கு முதல் கிழமை வந்து, "அக்கா, தேருக்கு முதல் வெளிக்குமோ?" என்று கேட்கிறார்கள்.

இந்த அமிலங்களைப் பெரிதாகக் கவனிக்க வைத்ததே அழகு பார்க்கிற ஆட்கள் இல்லை. 1974இல் வான் ஸ்கொட், யூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மீன்செதில் மாதிரித் தோல் தடித்து வெடிக்கிற பிறவி நோய்க்காரருக்கு இவற்றைப் பூசிப் பார்த்து, செதில் இளகி விழுவதை எழுதினார்கள். மருந்தாகத் தொடங்கினது, பிறகுதான் அழகுசாதனக் கடைக்கு வந்தது. இதையும் ஏன் சொல்கிறேன் என்றால், மருந்தென்றால் அளவு கேட்போம், எத்தனை நாளைக்கு என்று கேட்போம், சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ என்றுகூடக் கேட்போம். கிறீம் என்றால் ஒன்றும் கேட்பதில்லை.

இனித் தேசிக்காய்க்கு வருகிறேன். நமது தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத்தான், புளிப்பை அளக்கிற பிஎச் பெறுமானம் ஏறத்தாழ ஐந்து, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். கிருமியை அண்டவிடாமல் வைத்திருப்பதில் அந்தப் புளிப்புக்கும் பங்கு உண்டு. தேசிக்காய்ச் சாற்றின் பிஎச் இரண்டுக்குக் கிட்ட. ஐந்துக்கும் இரண்டுக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம், பிஎச்சில் ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு புளிப்பு, மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. அதற்கு மேல் சீனி போட்டுத் தேய்க்கச் சொல்கிறீர்கள். சீனிக் கல்லு கீறின கீறலுக்குள்ளால் சாறு இறங்கும், எரியும், எரிகிறதென்றால் வேலை செய்கிறது என்று இன்னும் இரண்டு தேய் தேய்ப்பார்கள்.

அமிலத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. தேசிக்காயில், அதுவும் தோலில் கூடுதலாக, ஃபூரோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவை நமது தோலில் பட்டு, அதன்மேல் வெயில் விழுந்தால், அந்த இடம் சிவந்து கொப்புளித்து, பிறகு கபிலமாகக் கறுத்துவிடும். இது எனக்குப் படித்துத் தெரிந்ததை விடப் பட்டுத் தெரிந்தது. பதினேழு வயதில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். சர்பத்துக்குத் தேசிக்காய் பிழிகிற வேலை. காலை முதல் பின்னேரம் வரை கிடாரத்துக்குப் பக்கத்தில் இருந்து பிழிந்தோம், பந்தலின் நிழல் நகர்ந்தது, நாங்கள் நகரவில்லை. சாறு மணிக்கட்டால் வழிந்து முழங்கை வரைக்கும் போனது. அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் இரவு எரிவு, மூன்றாம் நாள் விரல் இடுக்கில் கொப்புளம், பிறகு சாறு வழிந்த வழி அப்படியே கோடு கோடாகக் கபில நிறத்தில் கையில் எழுதி வைத்த மாதிரி. அம்மம்மா ஏதோ பூச்சி ஊர்ந்ததென்று மஞ்சள் அரைத்துப் பூசினார். பந்தலில் நின்ற இன்னும் இரண்டு பேருக்கும் அதே கோடுகள் என்று தெரிந்தபிறகும் ஒருவரும் தேசிக்காயைச் சந்தேகப்படவில்லை. அந்தக் கோடுகள் மறைய மாதக் கணக்கானது. கையில் வந்ததால் நீளக் கைச் சட்டை போட்டுச் சமாளித்தேன். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டுத் தேய்க்கிற பிள்ளைக்கு முகத்தில் அல்லவா வரப்போகிறது.

தயிர் பூசுகிறவர்களை நான் தடுப்பதில்லை. அதிலும் லக்டிக் அமிலம்தான், ஆனால் ஐதானது, பெரிதாக ஒன்றும் நடக்காது, கெடுதியும் இல்லை. பயத்தம்மா போட்டுக் குளிக்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். பாவம், எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற கடினத் தண்ணீர், அதில் சவர்க்காரம் நுரைக்கவும் மாட்டாது, படிந்த படிவு தோலை விட்டுப் போகவும் மாட்டாது. சவர்க்காரத்தின் பிஎச் ஒன்பது, பத்து. காலையில் சவர்க்காரத்தால் ஒரு பக்கம் இழுத்து, இரவில் அசிட்டால் மற்றப் பக்கம் இழுத்தால் தோல் என்ன செய்யும் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது பார்சல் விசயம். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு குறைவு. சொக்லேற், பெர்ஃப்யூம் வந்த பார்சலில் இப்போது சீரம் வருகிறது. என் பெறாமகளுக்கும் ரொறன்ரோவில் இருந்து மாமி ஒருவர் அனுப்பினார், இரத்தச் சிவப்பில் ஒரு திரவம், ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. கிளைக்கோலிக் வகை அமிலங்கள் 30 வீதம், சலிசிலிக் 2 வீதம். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது, கழுவிவிட வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளை உயர்தரம் படிக்கிறாள், ஆங்கிலம் தெரியாதவள் இல்லை. ஆனால் வீடியோவில் பார்த்தாயிற்று, பிறகு ஏன் எழுத்தைப் படிக்க? பூசிவிட்டு பாஸ்ட் பேப்பர் செய்யத் தொடங்கியவள் முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் எழும்பினாள். அடுத்த நாள் பன்னிரண்டரைக்கு சைக்கிளில் ரியூசன். திரும்பி வரும்போது இரண்டு கன்னமும் வெந்திருந்தது. ஒரு கிழமையில் வெந்த தோல் உரிந்து, அதற்குப் பதிலாக மண்ணிறத்தில் தேமல் மாதிரி ஒரு படர்ச்சி. நான் பாமசியில் நிற்கிறேன், என் வீட்டுப் பிள்ளை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லையாம்.

எங்கள் மாதிரிக் கறுத்த, மாநிறத் தோலில் இதுதான் பெரிய தொல்லை. எந்தக் காயமும், எந்த எரிவும், மெலனின் செய்கிற கலங்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. காயம் ஆறினாலும் அவை நிறத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளைத் தோல்காரருக்கு நாலு நாள் சிவந்து மாறுகிற ஒன்று எங்களுக்கு நாலைந்து மாதக் கறுப்பு அடையாளமாக நிற்கும். கறுப்பைப் போக்கப் பூசி, இருந்ததை விடக் கறுப்பை வாங்கிக் கொண்டு வருவதை நான் எத்தனை பேரில் பார்த்துவிட்டேன். தோல் வைத்தியர் அவளுக்குக் கொடுத்தது பெரிய மருந்து ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்து, வாசனை இல்லாத ஈரப்பதக் கிறீம் பூசு, சன்ஸ்கிறீன் பூசு, வெயிலில் போகாதே. ஐந்து மாதம் எடுத்தது.

ரொறன்ரோ மாமியைக் குற்றம் சொல்லவும் ஏலாது, அங்கே வருடத்தில் பாதி குளிர், அவர் இரவு பூசி விட்டுக் காலையில் கோட்டும் தொப்பியும் போட்டு வேலைக்குப் போகிறவர். இங்கே சித்திரை வருடப் பிறப்புக் காலத்திலும் மறுபடி ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அதே போத்தல்தான், வெயில் வேறு. 10 வீதக் கிளைக்கோலிக்கை நாலு கிழமை பூசிப் பார்த்த ஆய்வில், தோல் வெயிலுக்குச் சிவக்கிற தன்மை 18 வீதம் கூடியது, நிறுத்தி ஒரு கிழமையில் பழைய நிலைக்கு வந்தது. அதனால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் இருந்து, இந்த வகை அமிலம் உள்ள கிறீம்களின் லேபலில், பாவிக்கும் நாட்களிலும் விட்ட பிறகு ஒரு கிழமைக்கும் சன்ஸ்கிறீன் பூசு, வெயிலைக் குறை என்று எழுதும்படி கேட்கிறது. அந்த வரி லேபலில் இருக்கும், ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். அதைத் தமிழில் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டியது விற்கிற நாங்கள். எத்தனை கடையில் சொல்கிறார்கள்? எங்கள் கடையிலேயே சனக்கூட்டமான நேரத்தில் நானே சொல்லாமல் விட்டிருக்கிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று வீதக் கணக்கு. 5 நல்லதா, 10 நல்லதா, 30 நல்லதா என்று, நெல்லுக்கு உரம் வாங்குகிற மாதிரிக் கேட்கிறார்கள். வீதம் பாதிக் கதைதான். கிளைக்கோலிக் அமிலம் பிஎச் 3.8 அளவில் பாதிக்குப் பாதி சுயாதீன அமிலமாக, அதாவது உப்பாக மாறாமல், இருக்கும், அந்தப் பாதிதான் தோலுக்குள் இலகுவாக இறங்கும். பிஎச் ஐந்தரைக்கு ஏற்றிவிட்டால் போத்தலில் 10 வீதம் என்று எழுதியிருந்தாலும் அது பல்லுப் பிடுங்கின பாம்பு. மூன்றுக்கு இறக்கினால் அதே 10 வீதம் கடிக்கும். வீட்டில் பூசுகிற பொருளுக்கு 10 வீதத்துக்கு மேல் வேண்டாம், பிஎச் மூன்றரைக்குக் கீழே வேண்டாம் என்பது அமெரிக்க நிபுணர் குழுவின் வரையறை. பெறாமகளின் சிவப்புத் திரவம் இதை விட மூன்று மடங்கு. 2024 ஜூலையில் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், இணையத்தில் விற்கிற பலமான தோலுரிப்புத் திரவங்களை வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் வாங்கவோ பூசவோ வேண்டாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அதே சாமான் இங்கே பேஸ்புக்கில், "ஒரிஜினல், ஸ்ரொக் முடிய முதல் இன்பொக்ஸ் பண்ணுங்கோ" என்று ஓடுகிறது.

அழகுக்கலை நிலையங்களையும் சொல்லத்தான் வேண்டும். ஒழுங்காகப் படித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு மூன்று நாளைக்கு முதல், வேறு என்ன கிறீம் பூசுகிறாய், கர்ப்பமா, முகப்பருவுக்கு மாத்திரை எடுக்கிறாயா என்று ஒரு கேள்வியும் கேட்காமல் அசிட்டால் தோலுரிக்கிற பீலிங் செய்துவிட்டு அனுப்பியதை எங்கள் தெருவிலேயே கண்டேன். அந்தப் பிள்ளை மணவறையில் இருந்தது நாலு படை பவுடரோடு. எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை, எழுதி ஒன்றும் ஆகப் போவதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு அசிட் எல்லாம் நஞ்சு என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. எங்கள் வீடுகளில் அது எப்போதோ புகுந்துவிட்டது. படர்தாமரைக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற விட்ஃபீல்ட் களிம்பில் இருப்பது பென்சோயிக் அமிலம் 6 வீதம், சலிசிலிக் அமிலம் 3 வீதம். காலாணிக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரில் சலிசிலிக் 40 வீதம் வரைக்கும் இருக்கும், தடித்த உள்ளங்காலுக்கு அது தேவை. (போன வருடம் ஒருவர் அதை வெட்டி முகத்து மறுவில் ஒட்டலாமோ என்று கேட்டார். ஒட்டக்கூடாது. மறு என்று நினைப்பது வேறு ஏதாவதாக இருந்தால் அதை முதலில் வைத்தியர்தான் பார்க்க வேண்டும்.) தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்களின் குதிகால் வெடிப்புக்கு லக்டிக் அமிலமும் யூரியாவும் சேர்ந்த கிறீமை நான் சந்தோசமாக எடுத்துக் கொடுப்பேன், இரவில் பூசி சொக்ஸ் போட்டுப் படுத்தால் இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியும். முகம் முழுக்க வெள்ளை முள்ளும் கரும்புள்ளியுமாக வருகிற பிள்ளைக்கு சலிசிலிக் அரை வீதத்தில் இருந்து 2 வீதம் வரைக்கும் நல்ல பொருள். கிளைக்கோலிக், லக்டிக் தண்ணீரில் கரைபவை, இது எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் இறங்கிப் போகும். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் கேட்டுவிட்டுப் பூச வேண்டும், இரண்டும் ஒரே குடும்பம். பருவும் அதன் அடையாளமும் சேர்ந்து இருந்தால் அசெலாயிக், எங்கள் தோலுக்கு ஒத்துப்போகிற ஒன்று, கர்ப்ப காலத்திலும் வைத்தியர்கள் எழுதுகிறார்கள். ரெட்டினோயிக் அமிலம் அப்படியில்லை. அது வைத்தியர் துண்டில்லாமல் வாங்குகிற சாமானே இல்லை, கர்ப்பமாக இருப்பவர்களும் அந்த எண்ணத்தில் இருப்பவர்களும் தொடவே கூடாது. வேறு வேறு கடையில் வேறு வேறு அசிட் வாங்கி ஒரே இரவில் எல்லாவற்றையும் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

சரி, தொடங்கத்தான் போகிறாய் என்று ஒரு பிள்ளை கவுண்டருக்கு முன்னால் நின்றால் நான் சொல்வது இவ்வளவுதான். ஒன்றே ஒன்றை எடு, குறைந்த வீதத்தில் எடு. முழங்கை உட்பக்கத்தில் பூசி இரண்டு நாள் பார். பிறகு கிழமைக்கு ஒரு தரம், இரவில், காய்ந்த முகத்தில். கொஞ்சம் குறுகுறுக்கலாம், எரியக்கூடாது, எரிந்தால் நிறையத் தண்ணீரால் கழுவு, பற்பசை, அப்பச்சோடா, ஐஸ் ஒன்றும் வைக்காதே. காலையில் சன்ஸ்கிறீன், போத்தலில் எஸ்பிஎஃப் என்று போட்டிருக்கிற வெயில் காப்பு எண் 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும், மத்தியானம் மறுபடி. சன்ஸ்கிறீன் வாங்கக் காசு இல்லையென்றால் அசிட்டும் வாங்காதே, குடையைப் பிடித்துக்கொண்டு ரியூசனுக்குப் போ. கடைசி வசனத்தைச் சொன்னதற்கு முதலாளி ஒருநாள் என்னை முறைத்துப் பார்த்தார்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்கள் என்ற சொல் இருந்தது. அதை நீக்கிவிட்டு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கமாக வந்த சட்டம் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் மருந்துக்கும் வேறு பொருளுக்கும் இடைப்பட்டவற்றையும்தான் கவனிக்கிறது. கிறீம்காரருக்கு அது வாய்ப்பாகிவிட்டது. ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், ஆனால் பார்சலில் வந்த போத்தலுக்கு யாரைப் பிடிப்பது? அதனால் நான் கடையில் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறேன். மாத்திரை உறையில் காலை, மதியம், இரவு என்று எழுதுகிறோமே, அதே மாதிரி ஒவ்வொரு அசிட் போத்தலிலும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, "இரவில் மட்டும். கிழமைக்கு 1 தரம். காலையில் சன்ஸ்கிறீன். கண்ணுக்குக் கிட்டப் பூச வேண்டாம்" என்று தமிழில் கையால் எழுதிக் கொடுக்கிறேன். மற்றக் கடைக்காரரும் செய்தால் நல்லது, ஒரு போத்தலுக்கு அரை நிமிடம்தான் பிடிக்கும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். நான் சொன்ன பெண்கள் பக்கத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி மணமகள் தேவை விளம்பரங்கள். அந்த ஞாயிறு எண்ணிப் பார்த்தேன், ஏழு விளம்பரத்தில் நிறம் கேட்டிருந்தது. வெள்ளை நிறம், சிவந்த நிறம், குறைந்தது பொது நிறம். ஒரு பக்கத்தில் நிறம் கேட்டு, மறுபக்கத்தில் நிறத்துக்குத் தேசிக்காய் தேய்க்கச் சொன்னால், நடுவில் நிற்கிற பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்வாள்? விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது உங்கள் வருமானம். குறிப்பைத் திருத்தச் சொல்ல உரிமை உண்டு.

திருத்தத்தைப் பதினோராம் பக்க மூலையில் போட வேண்டாம். அதே பெண்கள் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தேசிக்காய்ப் படத்தோடு போடுங்கள். அந்த அம்மாவிடம் தேசிக்காயைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன், நிழலில் இருந்து பிழியும்படியும். அவர் இன்னும் என்னை முழுசாக நம்பவில்லை. பேப்பரில் வரட்டும் பார்ப்போம் என்றுதான் போனார்.

இப்படிக்கு,
பாமசி ஊழியர் ஒருத்தி,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.